பூசியது தெரியாத முகம்

எங்கள் கடையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எதிரே வந்தால் "அக்கா", தாண்டிப் போனதும் "கழுகு போகுது பாரு". அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்துகொள்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

பெரிய கடை அது, அடுக்கு மாடி. கீழ்த்தளத்தில் செண்ட், கிரீம், உதட்டுச்சாயம். அதற்கு மேலே உடைகள். அதற்கும் மேலே பாத்திரம், பெட்டி, மெத்தை. நான் மேல் மாடியின் கோடியில், மெத்தைகளுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தையல் வேலை பார்த்தேன். வாங்கின பேண்ட் நீளமாக இருந்தால் என்னிடம்தான் வரும். கழுகு கையில் ஒரு கூடையை மாட்டிக்கொண்டு, ஏதோ வாங்க வந்தவள் போல மாடி மாடியாக நடப்பாள். காசு கொடுக்காமல் கிளம்புகிறவர்களைப் பிடிப்பது அவள் வேலை. கால் வலித்தால் என் அறைக்கு வந்து, துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடிப்பாள். இங்கே சொல்வதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அந்த மூட்டையின் மேல் உட்கார்ந்து அவள் சொன்னது.

முதலில் அவள் பில் போடும் இடத்தில்தான் இருந்தாள். ஒரு நாள், கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் வெறுங்கையோடு அவளைத் தாண்டி வாசலுக்குப் போனார். இவள் எழுந்து ஓடிப் போய் அவரை நிறுத்திவிட்டாள். எல்லோரும் பதறிப் போனார்கள். பார்த்தால் அவர் காலில் இருந்தது கடையின் புது ஷூ. பழைய ஷூவைப் பெட்டிக்குள் வைத்து அலமாரியில் ஏற்றிவிட்டு வந்திருந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டதற்கு, "புது ஷூ கடிச்சா நடை மாறும், அந்த ஆளு நடை மாறியிருந்துச்சு" என்றாள். மறு மாதமே அவளைக் கூடையோடு நடக்க விட்டார்கள்.

"முகத்தைப் பார்க்கவே மாட்டேன். முகம் என்ன வேணா சொல்லும். நான் கையைத்தான் பார்ப்பேன்" என்பாள். அவள் முகமும் அந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருந்தது. வறண்டு, வெளுத்து, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, பார்த்த உடனே மறந்து போகிற முகம். "என்னைப் பிடிச்ச போலீஸ்காரங்களுக்கே நான் யாருன்னு தெரியாது" என்று பெருமை அடிப்பாள். எதற்காகப் போலீஸ் பிடித்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

சந்தேகம் கடையோடு நிற்கவில்லை. அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். "இன்னைக்கு ரோட்டுல கூட்டமே இல்ல, சீக்கிரம் வந்துட்டேன்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னால், "ஏன், என்ன ஆச்சு?" என்பாள். காய்கறிக்காரர் இரண்டு தக்காளி கூடப் போட்டால் அந்த இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கிரீம் என்றால் சந்தேகம் இன்னும் ஒரு படி மேலே. அதற்குக் காரணம் அவள் நாத்தனார். வீடு வீடாகக் கிரீம் விற்கிற வேலையில் இருந்தபோது, "அண்ணி, ஒரே வாரத்துல நீங்களே உங்களை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டீங்க" என்று ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறாள். சொன்னது பலித்தது. முகம் பணியாரம் போல வீங்கி, கொழுந்தன் கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் கழுகு ஒரு தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் கீழ்த்தளத்தில் பிரெஞ்சு கவுண்டர் வந்தது.

மற்ற கவுண்டர்களில் கண்ணைப் பறிக்கிற விளக்கும் ஆளுயரப் படங்களும் இருக்கும். இங்கே ஒரு மர அலமாரி, நடுவில் ஒரு கண்ணாடி, நிறைய வெற்றிடம். இங்கொரு டியூப், அங்கொரு பாட்டில். "சரக்கு வரலையோ? இல்ல, இப்பவே காலி பண்றாங்களோ?" என்று கழுகு என்னிடம் வந்து கேட்டாள். அங்கே விற்பனைக்கு ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். முடியை இழுத்துக் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருப்பாள். யாராவது நாலைந்து பொருளைக் கையில் எடுத்தால், "இவ்வளவு வேணாம் மேடம், மூணு போதும்" என்று மீதியை வாங்கி வைத்துவிடுவாள். முகத்தைத் துடைக்க ஒரு தண்ணீர், ஈரம் காக்க ஒரு கிரீம், வெயிலுக்குப் பூசுகிற, லேசாக நிறம் கலந்த இன்னொரு கிரீம். அவ்வளவுதான். கழுகு அவளுக்கு அன்றே 'மூணுபோதும்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"விக்க வந்தவ வாங்காதேங்கிறா. எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கியா? இதுல என்னமோ இருக்கு" என்றாள்.

"நல்ல பொண்ணா இருக்கும்" என்றேன்.

"நல்ல பொண்ணுங்க இந்த ஏ.சி.யில நாள் முழுக்க நிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு டீயை முடித்தாள்.

ஒரு வாரத்தில் மேனேஜர் கழுகை அழைத்தார். இளம் வயது; எதையும் நேராகச் சொல்ல வராது அவருக்கு.

"நீங்க கீழ நின்னா பளிச்சுனு தெரியுதுங்க."

"பளிச்சுனா?"

"அதாவது... பளிச்சுனு இல்லாததால தெரியுது. அந்த கவுண்டருக்கு வர்ற லேடீஸ் எல்லாம் வேற மாதிரி இருக்காங்க இல்ல? நீங்களும் அதே மாதிரி இருந்தா வேலைக்கு நல்லது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். டெஸ்டர்லேர்ந்து உங்களுக்குப் போட்டு விடுவாங்க."

டெஸ்டர் என்பது வாடிக்கையாளர் தொட்டுப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருக்கிற டியூப். கழுகு என் அறைக்கு வந்து மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "என்னை வீட்டுக்கு அனுப்ப வழி பார்க்கிறான். முதல்ல முகம் சரியில்லைம்பான், அப்புறம் கண்ணு சரியில்லைம்பான்" என்றாள். ஆனாலும் போனாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் கவுண்டர் முன் இருந்த உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூணுபோதும் பஞ்சில் அந்தத் தண்ணீரை நனைத்து அவள் கன்னத்தை ஒரு துடை துடைத்தாள். பஞ்சு சாம்பல் நிறமாகிவிட்டது.

"இது என் முகத்து அழுக்கா? இல்ல, பஞ்சுலயே இருந்ததா?"

மூணுபோதும் சிரிக்காமல் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் காட்டி, திரும்ப நனைத்துத் துடைத்தாள். அதுவும் சாம்பல் நிறம்.

"கிரீமை முதல்ல கையில போடு. முழங்கைக்கு உள்பக்கம். ரெண்டு மூணு நாள் பார்த்துட்டுதான் முகத்துக்கு."

"நல்ல பழக்கம் மேடம். எல்லாரும் இப்படிச் செய்யணும்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் கழுகுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. மூன்று நாளும் என் அறைக்கு வரும்போதெல்லாம் சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினாள். அரிக்கவில்லை, சிவக்கவில்லை. "மெதுவா வேலை செய்யற விஷம் போல" என்றாள். நான்காம் நாள் முகத்துக்குப் போட்டார்கள். கடைசியாக ஒரு சின்னச் சாயக் குச்சியால் கன்னத்தில் இரண்டு புள்ளி வைத்து விரலால் தேய்த்து, அதையே உதட்டிலும் லேசாகத் தடவினாள் மூணுபோதும். கழுகு கண்ணாடியைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலையே."

"அதுதான் மேடம் வேணும்."

"ஒண்ணும் தெரியாததுக்கு எதுக்குப் போடணும்?"

"நல்லா தூங்கி எழுந்த மாதிரி இருப்பீங்க."

"அதுக்குத் தூங்கலாமே."

அப்போதுதான் அந்தப் பெண் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "பிரான்ஸ்ல எல்லாம் இப்படித்தானாம் மேடம். நான் போனதில்லை, டிரெய்னிங்ல சொன்னாங்க" என்றாள். போகாததைப் போகவில்லை என்று ஒருத்தி சொன்னது கழுகுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் சாப்பிட உட்கார்ந்தவர், இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு இப்ப தேவலையா?"

"எனக்கு எப்ப உடம்பு சரியில்லாம போச்சு?"

"இல்ல... இத்தனை நாளா சரியில்லாம இருந்த மாதிரியும், இன்னைக்கு சரியான மாதிரியும் இருக்கு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. காலையில் இவள் குளியலறையில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் இருந்தால் கதவருகே வந்து நிற்பார். பவுடர் வாசனை இல்லை, பொட்டு மாறவில்லை, கண்ணில் மை இல்லை. ஆனால் என்னமோ மாறியிருக்கிறது. "யாரைப் பார்க்கப் போறே?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார். "திருடங்களை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நாத்தனார் வந்தாள். "அண்ணி, என்ன போடுறீங்க?" என்று நாடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தண்ணி" என்றாள் இவள். "தண்ணிதான் நாங்களும் போடுறோம்!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். இந்தக் கதையை என்னிடம் சொன்னபோது கழுகு சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூணுபோதும் அவளை மேடம் என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சால்வைக்காரம்மா வந்தார். அறுபதைத் தொட்ட வயது, நரைத்த முடியை அழகாகக் குட்டையாக வெட்டியிருப்பார், இடது கையில் எப்போதும் மடித்துப் போட்ட சாம்பல் நிறச் சால்வை. ஒரு நாள் கவுண்டரில் கழுகின் பக்கத்தில் வந்து நின்றவர், "தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்றார்.

கழுகு திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்தாள்.

"உங்களைத்தான். எதுவும் போட்ட மாதிரியே இல்லை. ஆனா எவ்வளவு நல்லா இருக்கு! இந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சத்துல பார்க்கிறேன்." தோளை மெல்லத் தொட்டு அவளைத் திருப்பினார். "ஆமா. வயசுக்கேத்த அழகுங்கிறது இதுதான். இதை மாத்திடாதீங்க."

அந்த அம்மாள் வாரத்துக்கு இரண்டு முறையாவது வந்தார். வந்தால் கழுகைத் தேடுவார். புருவத்தைப் பற்றி, வெயிலைப் பற்றி, தூக்கத்தைப் பற்றிப் பேசுவார். ஒவ்வொரு முறையும் கழுகின் தோளைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பி, ஓவியத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். கழுகு அந்த நாட்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள் என்பது எனக்குத் தெரியும். "அவங்க யாரு, என்ன?" என்று நான் கேட்டபோது, "பெரிய இடத்து அம்மா. பாவம், நல்லவங்க" என்றாள். அவள் வாயால் ஒருவரை நல்லவர் என்று நான் கேட்டது அன்றுதான். ஊசி கையில் குத்திக்கொண்டது எனக்கு.

பிறகு ஒரு வாடிக்கையாளர் கோபமாகத் திரும்பி வந்தார். வாங்கிப் போன அட்டை டப்பாவை வீட்டில் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மூணுபோதும் அலமாரியில் இருந்த டப்பாக்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அங்கங்கே சில டப்பாக்கள் காற்றாக இருந்தன. மூடி மூடியபடி இருக்க, டியூப் மட்டும் போயிருந்தது. எல்லாம் அந்த நிறம் கலந்த கிரீம்.

மேனேஜர் கழுகைத் தனியாகக் கூப்பிட்டார். "டப்பாவைத் தொடுற ஆளு அந்தப் பொண்ணு ஒருத்திதான். நான் எதுவும் சொல்லலை. நீங்க கொஞ்சம் பார்த்துக்கோங்க."

கழுகுக்கு அதுவரை ஒட்டாமல் கிடந்ததெல்லாம் இப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இவளுக்கு எதற்கு இத்தனை அக்கறை? இலவசமாக எதற்கு இத்தனை நாள் முகத்தைத் துடைத்துவிட்டாள்? 'அக்கா'வாம். காவல் நாய்க்குப் போடுகிற எலும்பு! தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்த தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஊழியர் அறையில் ஆணியில் தொங்கிய மூணுபோதுமின் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு கைக்குட்டைச் சுருளுக்கு வெளியே மூன்று டியூப்களின் தலை மட்டும் தெரிந்தது. அந்தக் கிரீமேதான். மூட்டைமேல் வந்து உட்கார்ந்தவள், "அவதான்" என்றாள்.

"அவகிட்டயே கேட்டியா?"

"திருடிகிட்ட போய் திருடினியான்னு கேப்பாங்களா? கையும் களவுமா பிடிக்கணும். வாசலைத் தாண்டட்டும்."

"அந்த டியூப் நிறைஞ்சிருந்துச்சா, காலியா இருந்துச்சா?"

அதை அவள் பிரித்தோ அழுத்தியோ பார்த்திருக்கவில்லை. அவசரத்தில் பையை மூடிவிட்டு வந்திருக்கிறாள். இருந்தாலும், "நிறைஞ்சுதான் இருக்கும்" என்று அடித்துச் சொன்னாள்.

மறுநாள் காலை, ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். கண் மூணுபோதுமின் கையை விட்டு நகரவில்லை. புருவத்துக்கு ஏதோ தடவ அந்தப் பெண் தூரிகையை எடுத்ததும், கழுகு பழக்கதோஷத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாள்.

"ஏங்க்கா அந்தப் பக்கம் திரும்புறீங்க?"

"வெளிச்சத்துக்குத்தான்."

"இங்க எந்தப் பக்கமும் ஒரே வெளிச்சம்தான்க்கா. முகத்துல நிழல் விழக் கூடாதுன்னு மேல சுத்திலும் லைட் போட்டிருக்காங்க. நீங்க எப்படித் திரும்பினாலும் ஒண்ணுதான்."

"இல்ல, அந்தப் பக்கம் நல்லா தெரியும்னு..."

"அந்தப் பக்கம் லிஃப்ட்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மூணுபோதும் புருவத்தில் கவனமானாள்.

கழுகு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே லிஃப்டின் எஃகுக் கதவு. முதுகுக்குப் பின்னால் அலமாரி. அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் தன்னை இப்படித்தான் திருப்பியிருக்கிறார். திருப்பிவிட்டு, இடது பக்கம் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். சால்வை போட்ட கை அலமாரி ஓரத்தில்.

அன்று அவள் என் அறைக்கு வந்தபோது டீ ஆறிப் போனது, தொடவே இல்லை. "அந்தம்மா கையை நான் ஒரு தடவைகூடப் பார்க்கலை. இத்தனை வருஷத்துல முகத்தைப் பார்த்துகிட்டு நின்னது அந்த ஒருத்தியைத்தான்" என்றாள். "நீ தப்பா நினைச்சிருக்கலாம்" என்றேன். "இருக்கணும்" என்றாள். அந்த ஆசை அவள் குரலிலேயே கேட்டது.

அடுத்த முறை சால்வைக்காரம்மா வந்தபோது எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. மூணுபோதும் வேறொருவரின் கையில் கிரீமைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாள் சிரித்தபடி வந்து, "இன்னைக்கு இன்னும் நல்லா இருக்கீங்க" என்று தோளைத் தொட்டார். கழுகு தானாகவே திரும்பினாள். லிஃப்டின் எஃகுக் கதவு துடைத்து வைத்த கண்ணாடிபோல இருந்தது. அதில் மங்கலாக அலமாரி தெரிந்தது, சால்வை தெரிந்தது. சால்வைக்குக் கீழிருந்து ஒரு கட்டைவிரல் டப்பாவின் மூடியை நெம்பியது. டியூப் நழுவிச் சால்வைக்குள் போனது. அதே விரல் மூடியைத் திரும்ப அழுத்தி மூடியது. இவ்வளவும் நடக்கும்போது அந்த அம்மாளின் குரல் துளியும் மாறவில்லை. "கண்ணுக்குக் கீழ அந்த நிழல்கூட குறைஞ்சிருக்கு பாருங்க."

"அப்படியா?" என்றாள் கழுகு.

அம்மாள் விடைபெற்று வாசல் கதவைத் தாண்டும்வரை விட்டாள். படியில் இறங்கும்போது முழங்கையைத் தொட்டாள். "அம்மா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

"ஏதாவது மறந்துட்டேனா?"

"இல்ல. நான் இந்தக் கடையிலதான் வேலை பார்க்கிறேன்."

அந்த முகத்தில் நிறம் மாறியதை அவள் பார்த்தாள். வாசலில் இருந்தவர்களும், வழக்கமாக வருகிற பெண்கள் நாலைந்து பேரும் பார்த்தார்கள். சத்தம் எதுவும் இல்லை. அம்மாள் தலைநிமிர்ந்தே உள்ளே வந்தார்.

லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு அறையில்தான் இப்படிப்பட்டவர்களை உட்கார வைப்பார்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அம்மாள் சால்வையை மேஜைமேல் வைத்து, அதற்குள்ளிருந்து டியூபை எடுத்துத் தள்ளினார். மேனேஜர் வரும்வரை இருவர் மட்டும்.

"வாங்க முடியாம இல்லை" என்றார் அம்மாள்.

"தெரியுது."

"வீட்ல டிராயர்ல கிடக்கு எல்லாம். ஒண்ணைக்கூடத் திறக்கலை. என் முகத்துக்கு இது எதுவும் ஒத்துக்காது, புண்ணாயிடும்." சால்வையை மடித்தார். "ஏன் எடுக்கிறேன்னு என்னைக் கேட்காதீங்க. எனக்கே தெரிஞ்சா வர மாட்டேன்."

அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கதை வைத்திருப்பார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கைப்பையில் தானாக விழுந்துவிட்டது, மறதி. கழுகு ஒன்றையும் நம்பியதில்லை. இதையும் நம்பக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா?" என்றாள் கழுகு. "என்னைத் திருப்பறதுக்காகத்தானே முகத்தைப் பத்திச் சொன்னீங்க?"

"திருப்பினது அதுக்காகத்தான்" என்றார் அம்மாள். "சொன்னது பொய் இல்லை."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். இனி இந்தக் கடைக்குள் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் ஒரு துணிப்பையை யாரோ வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே பிரிக்காத டியூப்கள். காணாமல் போனதை விட ஒன்று அதிகமாகவே இருந்தது. "வேற கடையில எடுத்ததும் கலந்துடுச்சு போல" என்றாள் கழுகு. சிரிப்பதற்காகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இனி மூணுபோதுமைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் ஊழியர் அறையில் அந்தப் பெண் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தாள்.

"உன் பையை நான் திறந்து பார்த்தேன்."

"தெரியும்" என்றாள் மூணுபோதும், சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அந்த ஜிப்பு பழுது. நான் பாதிதான் மூடுவேன். அன்னைக்கு முழுசா மூடியிருந்துச்சு. இங்க அவ்வளவு கவனமா மூடுற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"ஏன் என்னைக் கேக்கலை?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்களேன்னுதான்."

அந்தப் பெண் கையைக் கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்தாள். மூன்று டியூபும் நடுவில் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டு, ஒரு பாதி மறு பாதியின்மேல் தொப்பி போல மாட்டியிருந்தது. "தீர்ந்துபோன டெஸ்டர். குப்பைல போடச் சொல்வாங்க. வெட்டினா உள்ள ஒட்டிக்கிட்டிருக்கும், ஒரு வாரத்துக்கு வரும். என் சம்பளத்துல இதை நான் எங்க வாங்கறது மேடம்?"

மேடம். அந்த ஒரு சொல் தன்னைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது என்று கழுகு என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, மூட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நூலை உருவி உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மேடம் ரொம்ப நாள் நீடித்தது. கழுகு தினமும் கீழே போய், "வணக்கம்மா" என்பாள். அந்தப் பெண், "வணக்கம் மேடம்" என்பாள். அதற்கு மேல் பேச்சு ஓடாது. மழை விடாமல் பெய்து கடையில் ஈ காக்கை இல்லாத ஒரு நாள், கழுகு தன் கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். அவளே சொந்தமாக வாங்கி, தீர்த்து, நசுக்கி, சுருட்டின டியூப்.

"இதை எங்க வெட்டணும்?"

மூணுபோதும் டியூபைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கீழேயிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். "கழுத்துக்கிட்ட வெட்டக் கூடாதுக்கா. நடுவுல."

அந்த மாதமே கழுகைப் பெட்டிகள் விற்கிற மாடிக்கு மாற்றிவிட்டார்கள். வாசலில் நடந்ததைப் பலர் பார்த்துவிட்டதால், கீழ்த்தளத்தில் அவள் முகம் தெரிந்த முகமாகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம்தான். சக்கரப் பெட்டியை யாராவது திருடினால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும், அதில் என்ன வேலை இருக்கிறது என்பாள். ஆனால் கிரீமை விடவில்லை. "பிடிச்சிருக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "பார்த்துகிட்டிருக்கேன். இன்னும் ஒண்ணும் பண்ணலை. ஆனா சொல்ல முடியாது" என்றாள். கணவர் மட்டும் ஒரு வழியாகச் சமாதானமாகிவிட்டார். ஒரு நாள் அவரே கேட்டு, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போன கையில் கொஞ்சம் தடவிப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையே" என்றாராம்.

சில மாதங்கள் கழித்து ஒரு விடுமுறை நாள் மதியம் கழுகு பஸ்ஸில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு நிறுத்தத்தில் சால்வைக்காரம்மா ஏறினார். சால்வை இல்லை, ஒரு காய்கறிப் பை. இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். பஸ் திரும்பியபோது தடுமாறினார். கழுகு கைப்பையை மடிக்கு இழுத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரம் இருந்தவர் இறங்க எழுந்ததும் அந்தப் பக்கமாக நகர்ந்தாள்.

"உக்காருங்கம்மா."

அம்மாள் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, பஸ் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "இப்பவும் அதேதான் போடுறீங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள் கழுகு. பிடியைத் தளர்த்தவில்லை. தன் நிறுத்தம் வந்ததும், "வரேன்மா" என்று சொல்லி இறங்கினாள்.

இறங்கியதும் நடைபாதையில் நின்று பையைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. வீட்டுக்குப் போய் மறுபடியும் ஒரு முறை கொட்டிப் பார்த்திருக்கிறாள்.